ரேகையும் கையெழுத்தும் ஒரே ஆளுடையவை

அனுப்புநர்:
எலிக்கூடப் பராமரிப்பாளர்,
நடத்தை நரம்பியல் ஆய்வகம், கீழ்த்தளம்.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்,
பல்கலைக்கழகம்.

பொருள்: எலிப் பதிவேட்டில் ரேகை வைத்தவரும் கையெழுத்திட்டவரும் நான் ஒருவனே என்பதை ஏற்று, ஆய்வு மாணவியின் முனைவர் பட்டத்தை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு வயது அறுபத்தெட்டு. இது நானே எழுதும் முதல் மனு. மூன்று நாளாக எழுதுகிறேன்.

1. மேற்படி மாணவி ஏழு ஆண்டுகளுக்கு முன் முதுகலை படிக்க வந்தார். முதல் நாள் எலி கையில் ஏறியதும் அவர் முக்காலி மேல் ஏறிவிட்டார். அதே பெண்தான், பயந்த மூளை பயத்தை எப்படி விடுகிறது என்று எலிகளை வைத்து ஆராய்ந்து ஆய்வேட்டை முடித்திருக்கிறார்.

2. பழகாத கை பட்டால் எலி மிரளும், முடிவுகள் மாறிவிடும். ஆகவே சோதனை நடக்கும் பதினெட்டு மாதமும் ஒருவரே எலிகளைத் தூக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவன் நான். எழுதத் தெரியாததால், எலிப் பதிவேட்டில் தினமும் பெருவிரல் ரேகை வைத்தேன்.

3. எலி சோதனைப் பெட்டியில் இருக்கும்போது நாங்கள் வெளியே சும்மா காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கூண்டுச் சீட்டுகளை வைத்து அவர் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார். பதினோராம் மாதம் ரேகையை விட்டுக் கையெழுத்திட்டேன். சந்தோஷத்தில் யாரையும் கேட்கவில்லை. தவறு என்னுடையது. அந்த வாரம் முழுக்க ‘எளி நலம்’ என்று எழுதியதும் நானே.

4. ஆள் மாறிவிட்டதாகக் கருதித் தங்கள் அலுவலகம் பட்டத்தை நிறுத்தியுள்ளது. விளக்கம் சொல்ல நேரில் வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். அதைப் பார்த்த எழுத்தர், “நீங்க வேணாம் தாத்தா, ரேகை வெச்சவரைக் கூட்டிட்டு வாங்க” என்றார். கோபம் வரவில்லை ஐயா. என்னைப் படித்தவன் என்று ஒருவர் சந்தேகப்பட்டது அதுவே முதல் தடவை. வாசல் வரை சிரித்துக்கொண்டே போனேன். ஆள் மாறிவிட்டதோ என்ற சந்தேகம் எலிகளுக்கு மட்டும் வரவே இல்லை.

5. வரும் ஒன்றாம் தேதி மாணவி வேறோர் ஆய்வு மையத்தில் பணியில் சேர வேண்டும். சான்றிதழ் இல்லையேல் அந்த இடம் போய்விடும். ரேகையோடு நிறுத்தியிருக்கலாமே என்று நான் வருந்தியபோது, “நீங்க எழுதாம இருக்கிறதுக்கு, நான் இன்னும் பதினெட்டு மாசம் எலியோட கிடப்பேன்” என்றார். அப்படிக் கிடக்க விடலாகாது.

ஆகவே, என்னை அழைத்துத் தங்கள் முன்னிலையில் ரேகை வாங்கி, எழுதவும் வைத்துப் பார்த்து, பட்டம் வழங்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். காலையிலேயே அழைத்தால் நல்லது. என் பெயர் கொஞ்சம் நீளம்.

பணிவுடன்,
(கையொப்பம்)

இடம்: ஆய்வகக் கீழ்த்தளம்
நாள்: பதினான்காம் தேதி, வியாழக்கிழமை