பூஜ்ஜியத்துக்கு ஓர் இடம்

இன்று காலை அலுவலகக் கணினியில் புதிதாக ஏற்றிய மென்பொருளில் ஒரு வரைபடத்தைத் திறந்தேன். அச்சின் அடியில் பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை சாதாரண அளவு. அதற்கு மேல் நூறு, ஆயிரம் என்று தாவிப் போகும் மடக்கை அளவு. இரண்டும் ஒரே அச்சில். இதற்கு இப்போது ஒரு தட்டு தட்டினால் போதும். நீ வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திருப்பதியில் நாம் வேலை பார்த்த அந்த ஒற்றை அறை நினைவுக்கு வந்தது. படித்தவர்கள் எல்லோரும் பெங்களூருக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்த காலம். நாம் இருவரும் போர்க்கிணறுகளின் நீர்வரத்தைப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு கிணற்றில் குடம் நிறைவதற்குள் கால் கடுத்துவிடும். இன்னொன்றில் குழாய் பிய்த்துக்கொண்டு கொட்டும். இரண்டும் ஒரே தாளில் தெரிய மடக்கை அளவுதான் வழி. ஆனால் அதில் பூஜ்ஜியத்துக்கு இடம் கிடையாது. எவ்வளவு கீழே இறங்கினாலும் அது வராது. வறண்ட கிணறு வந்தால் நம் புரோகிராம் அப்படியே நின்றுவிடும்.

"ஜீரோகி லாக் ராதம்மா. பாயிண்ட் ஒன் பெட்டேய்," என்றார் மேலாளர். மடக்கை வராத பூஜ்ஜியத்துக்குப் பதிலாக, அவர் சொன்னபடி 0.1 போட்டோம்.

அந்தப் படத்தை உங்கள் வடமாலபேட்டையில் ஒரு கூட்டத்தில் மாட்டினார்கள். நீ நைனா என்று அழைத்த உன் அப்பாவின் கிணறு வறண்டு கிடந்தது. படத்திலோ, அச்சு அந்த 0.1-க்கும் கீழேயிருந்து தொடங்கியதால், அதற்கும் விரல் உயரத்துக்கு ஒரு தூண் நின்றது. நம் பக்கம் அரிசிப்பானை காலியானால்கூட 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கிணற்றுக்கும் அதே மரியாதைதான். யார் கேட்டாலும் "கொஞ்சம் வந்துக்கினு கீது" என்று சொல்லி வந்தவருக்குக் கம்ப்யூட்டரும் ஒத்து ஊதியது போல ஆகிவிட்டது.

"பாத்தியாம்மா, நம்ம போர்லயும் இருக்குதாம்," என்றார். நீ எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. மறுபடி போர் வண்டி வந்தது. புழுதிதான் பறந்தது. அந்தக் கடனில் நிலமும் கைவிட்டுப் போனது.

நீ அழவில்லை. அலுவலகத்துக்கு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கணினி முன் உட்கார்ந்தாய். "இல்லன்னா இல்லன்னு தெரியணும்டி. ஜீரோ படத்துலயே ஒக்காரணும்," என்றாய். பத்து வரை சாதாரண அளவு, மேலே மடக்கை. சேரும் இடத்தில் அளவு எகிறாமல் பொருந்தத்தான் உன் உயிர் போயிற்று. அங்கே ஒரு தடித்த கோடு போட்டு, இங்கே அளவு மாறுகிறது என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதினாய். வறண்ட கிணறுகள் எல்லாம் முதல் முறையாகத் தரையில் உட்கார்ந்தன. அதற்குள் உன் நைனா சென்னையில் ஏதோ ஒரு கட்டடத்துக்குக் காவலாளியாகப் போயிருந்தார். அந்த வருஷமே நீயும் பெங்களூருக்குப் போனாய். அங்கேயே நோய் வந்தது, அங்கேயே முடிந்தும் போனாய்.

நைனா இப்போது ஊர் திரும்பிவிட்டார். வாடகை அறையில் தனியாக இருக்கிறார். போன மாதம் சித்தூரிலிருந்து போய்ப் பார்த்தேன். டீக்கடைக்கு அழைத்துப் போனார். பழைய ஆள் ஒருவர், விஷயம் தெரியாதவர், கேட்டார்: "உன் பொண்ணு எங்க கீது இப்போ?"

"பெங்களூர்லதான். வேலை செஞ்சிக்கினு கீது," என்றார் நைனா. உனக்குக் கொள்ளி வைத்தவரே அவர்தான்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எந்தப் படத்திலும் ஒரு பூஜ்ஜியத்தை நான் மறைத்ததில்லை. அலுவலகத்தில் சின்னவர்கள் யாராவது அதைத் தூக்கிவிடலாமா என்று கேட்டால், நீ திட்டுவது போலவே திட்டுவேன். அன்று டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"ஆமா நைனா," என்றேன். "நல்லாதான் கீறா."