ஆமையின் வயிற்றில் உங்கள் பெயர்

அக்கா,

இன்று மாலை தையல் கொட்டகைக்குப் பின்னால் அம்மா உங்கள் பெயரைக் கொளுத்தினாள்.

துணி ஆமைகளின் வயிற்றிலிருந்து வெட்டி எடுத்த லேபிள்களை எல்லாம் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் கொட்டி நெருப்பு வைத்தாள். குப்பையில் போட்டுவிடலாமே என்று மாமா சொன்னதற்கு, "குப்பையில போட்டா நாய் இஸ்துகினு போவும். தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் மிதிப்பான். அவ பேருடா அது" என்றாள். சாட்டின் துணி தீயில் சுருண்டு கறுத்து உருகியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே வந்து வெட்டுமேசையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

இதே வாசனை ஒரு காலத்தில் எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல்முறை லேபிள்கள் அச்சாகி வந்தபோது ஓரம் பிரியாமல் இருக்க ஒவ்வொன்றையும் மெழுகுவத்திச் சுடரில் ஒரு நொடி காட்டி எடுத்தோம். கொட்டகை முழுக்க அந்த வாசனைதான். நீங்கள் வீடியோ காலில் இருந்தீர்கள். "இன்னாடி கருவுது? எம்பேர பொசுக்கிடாதீங்கடி!" என்று அங்கிருந்து கத்தினீர்கள். எல்லாரும் சிரித்தோம்.

அந்த லேபிள் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கு எதுவும் பிடிபடும்.

அம்மா தாம்பரத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துவிட்டு, கடப்பாக்கத்தில் நம் தெருவிலேயே மிஷின்களைப் போட்டு, தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு துணி ஆமைகள் செய்ய ஆரம்பித்தாள். இணையக் கடை ஒன்றின் வழியாக அவை நேராக ஐரோப்பாவில் குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போயின. ஒரு நாள் அந்தக் கடையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஐரோப்பாவில் விற்கும் பொருளுக்கு அங்கேயே வசிக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அவருடைய பெயரும் முகவரியும் பொருளின் மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் விற்பனைப் பக்கம் மூடப்படும் என்று. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கிறவள் நான்தான். அகராதியும் கையுமாக உட்கார்ந்து வாசித்துச் சொன்னேன். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. ஐரோப்பாவில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

நீங்கள் இருந்தீர்கள். எங்கள் எதிர்வீட்டில் வளர்ந்து, நர்சிங் படித்து, ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச் முடிந்து வரும் நேரம் அங்கே உங்களுக்கு நைட் டூட்டி முடியும். கண்ணெல்லாம் சிவந்து, தட்டில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பேசுவீர்கள்.

"ஒரு பேரு, ஒரு அட்ரசு, அவ்ளோதானே வோணும்? எம்பேரப் போட்டுக்கோ."

"பேர் மட்டும் இல்லக்கா. பரிசோதனைப் பேப்பர் எல்லாம் நீங்க வச்சிருக்கணும். அதிகாரிங்க கேட்டா காட்டணும். குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

நீங்கள் பிசைவதை நிறுத்தினீர்கள். நான் பயந்துவிட்டேன், மாட்டேன் என்று சொல்லப் போகிறீர்கள் என்று.

"எங்க அப்பாரு ஆயுசு பூரா அடுத்தவன் நெலத்துல நட்டாரு. அவரு பேரு ஒரு பட்டாவுல கூட இல்ல. இங்க இன்னாடான்னா எம்பேர அச்சடிச்சு, இதுக்கு இவதான் பொறுப்புன்னு போடணும்ன்றான். போடுடி. ஆனா முழுசா படிச்சு சொல்லு. எதுக்குக் கையெழுத்துப் போடறேன்னு எனக்குத் தெரியணும்."

முழுசாகப் படித்தேன். சாதம் காய்ந்துபோகும் வரை கேட்டீர்கள். ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பினீர்கள். சென்னைச் சோதனைக்கூடம் தந்த அறிக்கைகளை ஒரு கோப்பில் போட்டு உங்கள் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தீர்கள். அது இருக்கிறதா என்று நான் எப்போது கேட்டாலும் கேமராவை ஃப்ரிட்ஜ் பக்கம் திருப்புவீர்கள்.

அதோடு விட்டீர்களா? ஒவ்வொரு புதுத் தைப்பிலும், அதாவது ஒரே சமயம் தைத்த ஒவ்வொரு தொகுதியிலும், உங்களுக்கு ஓர் ஆமை அனுப்ப வேண்டும். அதன் கண்ணைப் பல்லால் கவ்விப் பிடித்து இழுப்பீர்கள். எங்கள் ஆமைக்குப் பொத்தான் கண் கிடையாது, கறுப்பு நூலில் தைத்த கண்தான். "டெஸ்ட் லேபுல மிஷின்ல இஸ்துப் பாத்தான், சரி. ஒரு வயசுப் புள்ள மிஷினா? அது கடிக்கும், சப்பும், மறுபடியும் கடிக்கும்" என்பீர்கள். எச்சில் பட்டு ஒரு கண் சுருங்கிய ஆமையின் படம் வரும். கீழே எழுதியிருப்பீர்கள்: பாஸ். ஞாயிற்றுக்கிழமை அழைப்பை எடுத்ததும் நலம் விசாரிக்க மாட்டீர்கள். முதல் கேள்வி, "இஸ்துப் பாத்தியா?" என்பதுதான்.

புரட்டாசியில் உங்கள் சைக்கிளை ஒரு வேன் மோதியது. வேலைக்குப் போகும் வழியில் என்று மட்டும் சொன்னார்கள்.

உங்களை மீனம்பாக்கத்தில் கார்கோ பக்கம்தான் இறக்கினார்கள், அக்கா. எங்கள் பார்சல்கள் ஏறுகிற பக்கம். மாமாவோடு நானும் போயிருந்தேன். பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உங்கள் பெயர், அனுப்பியவர் முகவரி, பெற்றுக்கொள்பவர் என்ற இடத்தில் உங்கள் அம்மாவின் பெயர். இப்படியொரு தாளை நானே எத்தனையோ ஆமைப் பெட்டிகளுக்கு நிரப்பியிருக்கிறேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்திருந்ததுதான் என்னை உடைத்தது.

அடக்கம் முடிந்து வந்த சில நாளிலேயே கொட்டகையில் அந்தப் பேச்சு எழுந்தது. கிறிஸ்துமஸுக்குத் தைத்த ஆமைகள் பெட்டி பெட்டியாக நின்றன. எல்லாவற்றின் வயிற்றிலும் உங்கள் பெயர். பொறுப்பேற்க வேறு ஆள் வேண்டும். அதற்கென்றே அங்கே நிறுவனங்கள் இருக்கின்றன. எழுதிக் கேட்டேன். அவர்கள் சொன்ன கட்டணத்தை அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள், பிறகு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். உங்கள் அறைத்தோழி, அந்த மலையாளி அக்காவையும் கேட்டேன். "வேண்டாம் மோளே, எனக்குப் பயமா இருக்கு. என் விசாவுக்கு ஏதாவது வந்தா?" என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. முகம் தெரியாத குழந்தைகளுக்காகத் தன் பெயரைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

மாமாவுக்கு மட்டும் கவலையே இல்லை. "செத்தவன் பேர்ல ரேஷன் ஓடுது, ஓட்டு வுழுது. ஆமை ஓடாதா? பேரும் கீது, அட்ரசும் கீது. எவன் வந்து கதவத் தட்டப்போறான்?"

"தட்டினா?" என்றேன்.

"தட்டினா அவ வூட்ல இல்லன்னு நெனச்சிகினு போயிடுவான். உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? போயி பரீட்சைக்குப் படி."

தையல் பெண்கள் மிஷினை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். எல்லாருடைய கிறிஸ்துமஸும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தது. கடைசியில் அம்மா மாமாவிடம், "வண்டிய எடுத்துகினு வா" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

மறுநாள் காலை மாமாவின் லோடு ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றினார்கள். மதுராந்தகம் தபால் நிலையத்துக்குப் போக வேண்டும். மழை வரும்போல் இருந்ததால் மாமா தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். நான் சீருடையில் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றேன். அப்போதுதான் அம்மாவின் போனில் உங்கள் அறைத்தோழியிடமிருந்து ஒரு படம் வந்தது.

உங்கள் தபால் பெட்டியில் கிடந்த ஒரு கடிதம். கையால் எழுதியது. கீழே அவரே அதைத் தமிழும் மலையாளமுமாகச் சொல்லியிருந்தார். ஒரு குழந்தையின் தாய் எழுதியிருந்தாள். ஆமையின் கண் பிரிந்து நூல் தன் குழந்தையின் வாய்க்குள் போய்விட்டது, விரலை விட்டு எடுத்துவிட்டேன், குழந்தை நன்றாக இருக்கிறது. உங்கள் மின்னஞ்சலுக்கு எழுதினேன், பதில் இல்லை. அதனால் இந்த முகவரிக்கு எழுதுகிறேன். பிள்ளை அந்த ஆமை இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறது. மற்றொரு கண்ணும் இப்படி வருமா? நான் இதை அவளிடமிருந்து வாங்கிவிட வேண்டுமா? தயவுசெய்து சொல்லுங்கள்.

தயவுசெய்து சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்டிருந்தாள், அக்கா. நீங்கள் கடப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இருந்தீர்கள்.

நான் உரக்க வாசித்து முடித்தேன். அம்மா ஆட்டோவில் ஏறி, கட்டிய தார்ப்பாயை இழுத்து, ஒரு பெட்டியைக் கிழித்து ஓர் ஆமையை எடுத்தாள். கண்ணை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. நான் அதை வாங்கி, நீங்கள் செய்வதுபோலப் பல்லால் கவ்வி இழுத்தேன். வந்துவிட்டது. கறுப்பு நூல் முழுசாக என் நாக்கின் மேல் கிடந்தது.

புதிதாக வாங்கிய நூல் வழுவழுவென்று இருந்திருக்கிறது. போட்ட முடிச்சு நிற்கவில்லை. கொட்டகையில் கண் தைத்த அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்தத் தைப்பிலும் உங்களுக்கு ஓர் ஆமை அனுப்பியிருந்தோம். அது போய்ச் சேர்ந்தபோது அதைக் கடித்துப் பார்க்க நீங்கள் இல்லை. உங்கள் பாஸுக்குக் காத்திராமல் சில ஆமைகளை விற்றும்விட்டோம்.

"எறக்கு" என்றாள் அம்மா.

"யக்கா, யோசிச்சு சொல்லு. பண்டிகை போச்சுன்னா…"

"எறக்குடா."

அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. அந்தத் தாய்க்கு முதலில் எழுதினேன். ஆமையைக் குழந்தையிடமிருந்து உடனே எடுத்துவிடுங்கள், இரண்டாவது கண்ணும் வரும், மன்னித்துவிடுங்கள் என்று. உங்கள் பெயரில் கையெழுத்திட என்னால் முடியவில்லை. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று எழுதிவிட்டு அம்மாவின் பெயரைப் போட்டேன். பிறகு அந்தத் தைப்பில் ஆமை வாங்கிய எல்லாருக்கும் எழுதினேன். அதற்குப்பின் இணையக் கடைக்கும் உண்மையைச் சொன்னோம். எங்களுக்கு ஐரோப்பாவில் இப்போது ஆள் இல்லை என்று. எங்கள் பக்கத்தை அன்றைக்கே மூடிவிட்டார்கள்.

இப்போது கொட்டகையில் மிஷின்கள் மேல் பழைய புடவை மூடிக் கிடக்கிறது. கண் தைத்த அக்கா மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிக்கப் போகிறாள். மற்றவர்கள் காலையில் வந்து எட்டிப் பார்த்து, "ஏதாச்சும் வந்துதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். நான் தெரிந்தவர், தெரியாதவர் என்று ஐரோப்பாவில் இருக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. என் பெயரைப் போட்டுக்கொள் என்று அம்மாவிடம் அழுதேன். "நீ ஜெர்மனியிலயா கீற? கடப்பாக்கத்துல கீற. போய்ச் சாப்புடு" என்றாள். இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கத்தான் உட்கார்ந்தேன். அந்தத் தாயும் உங்களிடம்தான் கேட்டாள்.

அம்மாவின் போனில் உங்களுக்காக வைத்த ஜெர்மனி நேரக் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் கண் அங்கேதான் போகிறது. நைட் டூட்டி முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

லேபிள் வெட்டிய ஆமைகளை எல்லாம் பிரித்து, பழைய நூலில் மறுபடி கண் தைக்கிறோம், நானும் அம்மாவும். தைத்ததும் ஒவ்வொன்றையும் பல்லால் கவ்வி இழுத்துப் பார்க்கிறேன். இதை எழுதும் நடுவில் ஒன்றைக் கவ்வியிருந்தபோதுதான் மாமா புகை வாசனையோடு உள்ளே வந்தார்.

"இன்னாமே, விக்கவே போறதில்ல. அத்த எதுக்குக் கடிச்சிகினு கீற?"

"இஸ்துப் பாத்தியான்னு கேட்டா சொல்லணும்ல, மாமா."

அவர் என் எதிரில் உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து ஓர் ஆமையை எடுத்தார். அதைத் திருப்பி, லேபிள் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு அதன் கண்ணைப் பல்லில் வைத்து இழுத்தார்.

வரவில்லை, அக்கா.