புருசனைக் கூட்டிவரச் சொன்ன கடை

ஊர்காவற்றுறை

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

நேற்று மருந்துக்கடை முதலாளியோடு சண்டை பிடித்தேன். எழுவைதீவிலிருந்து படகில் வந்த ஒரு அக்கா, கருத்தங்காமல் தடுக்கும் அவசர மாத்திரை கேட்டார். மூன்று நாளுக்குள் போட வேண்டியது அது. சுணங்கச் சுணங்கப் பலன் குறையும்.

"புருசனைக் கூட்டிக்கொண்டு வாரும்," என்றார் முதலாளி, எல்லோருக்கும் கேட்க.

"இஞ்ச மருந்தாளர் நான். புருசன் தேவையில்லை," என்று நானே மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா மெதுவாகச் சொன்னார்: "முந்தநாளும் வந்தனான் தங்கச்சி. இதைத்தான் சொல்லித் திருப்பி விட்டவர்."

அன்று நான் லீவில் நின்றேன். மூன்று நாளில் இரண்டு நாள் வீணாய்ப் போய்விட்டது.

இனி முதலாளியை நம்பிக் கடையை விட ஏலாது. பெருநாளுக்கு மன்னாருக்கு வரமாட்டேன். நீங்கள் இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். கடை திறக்க நேரமாகிறது.

உங்கள் மகள்
அன்ரனிட்டா