இனிப்பு நீர், கசப்பு நான்

ஆகஸ்ட் 4, திங்கள்

புகைமூட்டம். ஜன்னலைத் திறந்தால் யாரோ பழைய டயரைக் கொளுத்திய வாடை.

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: என் இடது கை மோதிர விரல் இன்று காலை பணி ஓய்வு பெற்றது. நாலு வருடமாக இடைவிடாத இரத்த தானம். தோல் இரப்பராகிவிட்டது, குத்தினால் பதில் இல்லை. இன்று முதல் அந்தப் பொறுப்பை நடுவிரல் ஏற்கிறது. பதவியேற்பு விழாவில் அதை அம்மா முகத்துக்கு நேராக நீட்டியதில் சிறு சர்ச்சை. முதுகில் ஒன்று விழுந்தது.

கா.சு. 14.6. (கா.சு. = காலைச் சுகர். எங்கள் வீட்டில் குறையவே குறையாத காசு இது ஒன்றுதான்.) இருக்க வேண்டியது ஏழுக்குள்.

"ராத்திரி என்னடா தின்ன?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாம பதினாலா? காத்துல சீனி பறந்து வந்துச்சா?"

பிறகு வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார். பல் விளக்காத வாய். மோந்தவருக்கே தண்டனை. ஆனாலும், ச்சை. விமான நிலையத்தில்கூடப் பெட்டியைத்தான் மோப்பம் பிடிப்பார்கள்.

இவ்வளவு அவமானத்தையும் பொறுத்துக்கொள்வது போர்ட்டிக்சன் கடற்கரைக்காக. மாதக் கடைசியில் பள்ளி ஃபுட்சால் குழு அங்கே போகிறது. இரண்டு இரவு தங்கல். நான் கோல்கீப்பர். நான் போகாவிட்டால் ரஃபீக் நிற்பான். அவனைவிட கோல் கம்பம் நன்றாகத் தடுக்கும். அம்மாவின் சட்டம்: காலைச் சுகர் அடங்கினால் பயணம், இல்லாவிட்டால் இல்லை. "பதினாலோட உன்னை அங்க அனுப்பிட்டு நான் இங்க எப்படிலா தூங்குறது?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கா.சு. 13.9. உப்பில்லாத ஓட்ஸ். சுவரொட்டி ஒட்டும் பசைக்கும் இதற்கும் வித்தியாசம், பசையில் கொஞ்சம் ருசி இருக்கும்.

அம்மா பிஸ்கட்டை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். காலி டின் மேசையில். காலி டின்னைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. உபயோகித்த டெஸ்ட் ஸ்ட்ரிப்பை எல்லாம் அதில் கொட்டி மூடி வைத்தேன்.

மறந்துபோன ஒரு விஷயம்: அப்பா. கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டிவிட்டுப் பசியோடு வந்தவர், கையை நேராக டின்னுக்குள் விட்டார்.

"சீ! என்னடா கருமம் இது! இரத்தமாலா இருக்கு!"

"என் இரத்தம்தான்ப்பா. நீங்க குடுத்ததுதான்."

அப்பா கையை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினார். சிரிக்கவில்லை. கழுவும்போது தோள் மட்டும் குலுங்கியது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பள்ளிக்கு மட்டம். சுகர் கிளினிக். காத்திருக்கும் இடம் முழுக்க டெட்டால், தைலம், யாரோ கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு. அந்த மூன்றும் கலந்த வாசத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும்.

அம்மா மருந்து வாங்க வரிசையில். நான் மட்டும் மிஸ்ஸி முன்னால். நல்ல நர்ஸ், ஆனால் கண் எக்ஸ்ரே மாதிரி. மீட்டரைப் பார்த்தார்.

"காலையில மட்டும் ஏறுது. ராத்திரி எதாச்சும் சாப்பிடுறியா தம்பி?"

"பைபிள் மேல சத்தியமா இல்ல மிஸ்ஸி."

நம்பினார்! பிறகு விளக்கினார்: விடியற்காலையில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகுமாம். அப்போது சில ஹார்மோன் போய்க் கல்லீரலைத் தட்டுமாம். அது சேர்த்து வைத்த சீனியை எடுத்து இரத்தத்தில் கொட்டுமாம். டைப் ஒன் ஆட்களுக்கு அதைத் தடுக்க உள்ளே இன்சுலின் இல்லை, அதனால் ஏறும். பெயர் டான் ஃபினாமினன். டான் என்றால் விடியல்.

ஆக, நான் நிரபராதி. திருடன் என் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கிறான். கல் ஈரல்! பெயரில்தான் ஈரம், நெஞ்சமெல்லாம் கல்.

மிஸ்ஸி விடவில்லை. "அப்படின்னு இன்னும் முடிவு பண்ணல. ஒரு ராத்திரி மூணு மணிக்குப் பாருங்க. அப்ப நல்லா இருந்து காலையில ஏறினா இதுதான். மூணு மணிக்கே ஏறி இருந்தா வேற காரணம். ராத்திரி ஊசி யாரு போடறா?"

"நானேதான். கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்."

"கண்ணைத் திறந்து போடு. எத்தனை யூனிட்?"

"பதினெட்டு."

குறித்துக்கொண்டார். எனக்கு ஏனோ வாய் காய்ந்தது. சுகராகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கா.சு. 14.1. ரஃபீக்கின் வாப்பாவுடைய தேநீர்க் கடை, பள்ளி முடிந்து. ஈ மொய்க்கும் மேசை, அதன் மேல் இன்னும் அழுக்கான துணியால் ஒரு துடைப்பு. எனக்குப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ, அவனுக்குப் பால் ஊற்றி ஆற்றி மேலே நுரை நிற்கும் தே தாரிக். வேண்டுமென்றே சத்தமாக உறிஞ்சினான்.

"டேனி, சுகர் ஏறினா பரவால்ல. இறங்கினா என்னடா ஆகும்? தூக்கத்துல இறங்கினா?"

ஜூன் மாதக் கதையைச் சொன்னேன். நடுராத்திரி சுகர் தரைமட்டத்துக்குப் போனது. நான் தனியாக எழுந்து, இருட்டில் சமையலறைக்கு நடந்து, சீனிச் சிரப்பை எடுத்து மடக் மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படுத்தது. எமன் வந்தானாம், நான் கொட்டாவி விட்டேனாம், போய்விட்டானாம்.

"நீ மனுசனே இல்லடா," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

ஆகஸ்ட் 9, சனி

கொமுட்டர் ரயிலில் கிள்ளான். பெரியம்மா வீடு. அம்மாவின் அக்கா. கதவைத் திறந்ததும்: "ஐயோ, இந்த வயசுலயே இனிப்பு நீர்!" நாலு வருடமாக இதே வரவேற்பு. நீரிழிவுக்கு இந்தப் பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் அவன் விரலில் குத்துவேன். இனிப்பு நீர்! ஏதோ என்னைப் புகழ்கிற மாதிரி. இனிப்பு நீர், கசப்பு நான்.

"சின்னதுல மிட்டாய் குடுத்துக் கெடுத்துட்ட," என்று அம்மாவிடம். மிட்டாயால் வருவது இல்லை இது என்று எத்தனை தரம் சொல்வது? அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அம்மா, படித்த பெருமையோடு: "அதெல்லாம் இல்லக்கா. இது டவுன் ஃபினாமினன்னு மிஸ்ஸி சொன்னாங்களாம். ஆனா டவுன்னு சொல்றாங்க, சுகர் அப்லா போகுது, அதான் புரியல."

பெரியம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அதான் பாத்தேன்! டவுன்ல இருக்கறதாலதான்! உங்க பிரிக்ஃபீல்ட்ஸ்ல எந்நேரமும் ரோட்டு நிறைய காடி, ரயிலு, புகை. டவுன் காத்து ஆவாது. பையனைக் கொஞ்ச நாளு கிள்ளான்ல விடு."

"கிள்ளான் என்ன வயக்காட்டுக் கம்பமா பெரியம்மா? லிட்டில் இந்தியாவுல ரோட்டைக் கடக்க முடியல."

"வாயைப் பாரு வாயை!"

அந்த வாயில்தான் ஊற்றினார். பாகற்காய்ச் சாறு. பச்சை நுரை, அடியில் விதை, குளத்துப் பாசியை வடிகட்டாமல் குடித்த மாதிரி. பாகு அற்ற காய். பெயரிலேயே இனிப்பைத் துரத்திவிட்டார்கள். ஏப்பம் ரயிலில் சுபாங் ஜெயா வரைக்கும் கூடவே வந்தது, டிக்கெட் இல்லாமல். எதிரில் இருந்த ஆன்டி இடம் மாறிப் போய் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கா.சு. 14.0. பாகற்காய் தோற்றது. மகிழ்ச்சியாகவும் இருக்கிறது, குமட்டலாகவும் இருக்கிறது.

கோயிலில் ஜெபத்தின் நடுவே பாஸ்டர் என் பெயரைச் சொல்லிவிட்டார். எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு தலை அக்கறையாக, பாக்கி எல்லாம் நான் எவ்வளவு மெலிந்திருக்கிறேன் என்று அளந்தது. அம்மா வேலை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை. புகை கொஞ்சம் கழுவப்பட்டது.

நேற்று இரவு மிஸ்ஸி சொன்ன மாதிரி அம்மா எழுப்பிக் குத்தினார். மூணு மணிக்கே 13.8. காலையில் 14.2.

அம்மாவுக்குக் கணக்கு உடனே வந்துவிட்டது. "அப்ப டவுன் இல்லையே இது. அப்பவே ஏறித்தான் இருக்கு."

கல்லீரல் விடுதலை. நான் மறுபடியும் கூண்டில்.

மதியம் அம்மா கிளினிக்குக்குப் போன் செய்தார், ஸ்பீக்கரில். மிஸ்ஸி கேட்டார்: "ஊசியைச் சரியா போடறானா? விட்டுட்றானா?"

"இல்ல மிஸ்ஸி. அந்த விஷயத்துல அவன் கெட்டிக்காரன். பயமே கிடையாது. என்னைப் பக்கத்துலகூட விட மாட்டான்."

"தம்பி, திட்ட மாட்டேன். பதினெட்டுதானே?"

"ஆமா மிஸ்ஸி, பதினெட்டு."

"சரி, அப்ப அது பத்தல. இன்னிக்கு ராத்திரி இருபது போடுங்க. கொஞ்ச நாளைக்கு அம்மாவே போடட்டும்."

அம்மா முகத்தில் வெளிச்சம். "இதோட அடங்கிடும்டா. போர்ட்டிக்சன் போய்ட்டு வந்துடலாம்."

எனக்கு மட்டும் வீட்டுப்பாடம் எதுவும் ஓடவில்லை. இன்சுலின் வாடை, பிளாஸ்திரி வாடை, என் மேலேயே வருகிற மாதிரி. என்மேல் எனக்கே ச்சீ என்று வருகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பின் நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை இதையும் வேறு மாதிரி சொல்லிவிடுவேன்.

அம்மா இன்சுலின் பேனாவைத் திருப்பினார். டிக், டிக், டிக். ஒவ்வொன்றும் காதுக்குள் கேட்டது. இருபதில் நிறுத்தி என் சட்டையைத் தூக்கினார். ஊசி வயிற்றைத் தொடவில்லை இன்னும்.

"அம்மா, நில்லுங்க. வேணாம். நான் பன்னெண்டுதான் போடறேன்."

"இல்லடா, இருபதுன்னுதானே மிஸ்ஸி..."

"இவ்வளவு நாளா. பதினெட்டு இல்ல. பன்னெண்டு."

அம்மா பேனாவை மேசையில் வைத்தார். அடிப்பார் என்று முதுகைத் தயாராக வைத்துக்கொண்டேன். அடிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

"எப்பலேர்ந்து?"

"ஜூன்."

"ஏன்டா?"

"இறங்கிட்டா எழுந்திருக்க மாட்டேனோன்னு."

அம்மா பேனாவை எடுத்து இருபதிலிருந்து பூஜ்ஜியத்துக்குத் திருப்பினார். "ரெண்டு மாசமா உன் வாயை மோந்து பாத்தேனேடா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மிஸ்ஸிக்கு அம்மா மெசேஜ் அனுப்பினார். பதில் வந்தது: நல்லவேளை சொன்னான், ஒரேயடியாக இருபது வேண்டவே வேண்டாம், இந்த ராத்திரி பன்னிரண்டே இருக்கட்டும், மெதுவாக ஏற்றலாம், நாளைக்கு இருவரும் வாருங்கள். இன்று போய்வந்தோம். அவர் திட்டவில்லை. படுக்கும் முன் பார்க்க வேண்டிய அளவு, அலாரம் வைக்கும் சென்சார், எல்லாம் பேசினார். போர்ட்டிக்சன் போகலாமாம். ஆனால் கூட வரும் சாருக்கும் பக்கத்தில் படுக்கும் ஒருவனுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமாம். என்னை எப்படி எழுப்புவது, எழாவிட்டால் என்ன செய்வது.

பக்கத்தில் படுப்பவன் ரஃபீக். நாளைக்கு அவனிடம் போய் ஜூன் கதையைத் திருத்திச் சொல்ல வேண்டும். நான் எழவே இல்லை. தனியாக நடக்கவும் இல்லை. தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டு வந்தார். சிரப் கிண்ணத்தைப் பிடித்திருந்தது அவர் கை. நான் குழந்தை மாதிரி "ம்மா, ம்மா" என்று அழுதுகொண்டே விழுங்கினேனாம். போர்வை நனைந்தது வியர்வையால் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வியர்வை மட்டும் இல்லை. அம்மாதான் துவைத்தார், அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

இப்போது அம்மா என் அறையில், தரையில், பாய் மேல். தானாக வந்து படுத்துக்கொண்டார் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

பாயை விரித்தது நான்.