யார் வைத்த சேனை

12.8.2024, திங்கள்

ரெட்டிபாளையம் எடை மேடையில் இன்று லாரி குறைவு. சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த ஒருவன் வரிசையை விட்டு முன்னால் வந்து நின்றான். கன்னாபின்னாவென்று பேசிவிட்டேன். பிறகு வழக்கம்போல, "தப்பா எடுத்துக்காத தம்பி, எனக்குப் பிச்சமுத்து மாமன் வச்ச சேனை" என்றேன். அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை, அதான் சேனையை, யார் தொட்டு வைக்கிறாரோ, அவர் குணம்தான் வரும். எனக்கு வைத்தது அம்மாவின் அண்ணன். பூலாம்பாடியில் அவர் செருமினால் தெருவே அடங்கிவிடும்.

14.8.2024

மகள் இலக்கியாவுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வரவில்லையாம். வரதராஜன்பேட்டையிலேயே மாமியார் பார்த்துக்கொள்கிறாராம். ஏனாம் என்று உண்ணாமலையிடம் கேட்டேன்.

"புள்ளத்தாச்சி பயந்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்களாம்."

என் மனைவி என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். மேற்கொண்டு நானும் கேட்கவில்லை. பெற்ற வீடு இருக்கும்போது தலைப்பிரசவத்தை மாமியார் வீட்டில் வைத்துக்கொள்கிற பெண்ணை நான் கேள்விப்பட்டதில்லை.

15.8.2024

லீவு. நாள் முழுக்கப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுதான் கண்முன் நிற்கிறது. ஐந்து வருஷம் ஆகிறது. இலக்கியாவுக்குக் கல்லூரி கடைசி வருஷம். ஒரு பையன் அவளோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். அத்தனை பேர் முன்னால் அவளை அறைந்தேன். துறையூர் பஸ் போய்விட்டதா என்றுதான் அவன் கேட்டிருக்கிறான். அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்தும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "என் சேனை அப்படி. உனக்குத் தெரியாததா" என்றேன்.

"தெரியும்ப்பா" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் பேசியதெல்லாம் "ம்" மட்டும்தான்.

29.8.2024

பிச்சைமுத்து மாமா போய்விட்டார். எண்பத்தொரு வயது. எனக்குள் இருக்கிற ஏதோ ஒன்றும் சேர்ந்து போனது போல இருக்கிறது.

13.9.2024, பூலாம்பாடி

மாமாவின் கருமாதி. பந்தியில் சாம்பார் வாளி என்னைத் தாண்டிப் போனதற்கு ஒருவனை அதட்டினேன். "மாமன் போனாலும் அவரு வச்ச சேனை போவல" என்று பக்கத்து இலைக்காரர் சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மாமாவின் மனைவி அம்மாக்கண்ணு அத்தை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு வந்ததும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஒனக்கு அவுரு எங்கடா சேனை வச்சாரு? நீ பொறந்தப்ப நெய்வேலிக்கு வேலைக்குப் போயிருந்தாரு. ஒன்னைய வந்து பாத்ததே மூணாம் மாசந்தான். வச்சது ஒங்க பெரியப்பா கண்ணையன். அண்ணன் வச்சாருன்னு சொல்லிக்கிறதுல ஒங்கம்மாவுக்கு ஒரு பெருமை. நாங்களும் விட்டுட்டோம்."

கண்ணையன் பெரியப்பா. கொல்லையில் மாடு விழுந்து மேய்ந்தால்கூட "போம்மா, போ" என்று கையை மட்டும் நீட்டுகிறவர். ஒருவரையும் ஏசி நான் கேட்டதில்லை.

14.9.2024

நேற்றுத் திரும்பும்போது பஸ்ஸில் உண்ணாமலை, "அத்தை சொன்னது நெசமாங்க?" என்றாள். "வாய மூடு" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உடனே அந்தப் பழைய வார்த்தையைச் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை.

அப்படியானால் இது யாருடைய கோபம்?

22.9.2024

எட்டு வயதில் சிலேட்டைச் சுவரில் அடித்து உடைத்தேன். அழுதுகொண்டேதான் உடைத்தேன். வீட்டுக்கு வந்திருந்தவர்களிடம் அம்மா, "அப்புடியே எங்கண்ணன்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அடுத்த முறை கொஞ்சம் பலமாக உடைத்தேன்.

மானேஜர் கேபினில் கையைக் கட்டிக்கொண்டு திட்டு வாங்கிய நாளெல்லாம் மாமா எங்கே போயிருந்தார்? அங்கே ஒருநாளும் அவர் வந்ததில்லை. லாரிக்காரர்களிடமும் வீட்டுக்குள்ளும்தான் வந்தார். இவ்வளவு சின்ன விஷயம் ஐம்பத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை. வெட்கமாக இருக்கிறது.

23.9.2024

இலக்கியாவுக்கு நானே போன் போட்டேன். "எனக்குச் சேனை வச்சது மாமா இல்லியாம்மா" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

"யாரு வச்சா என்னப்பா. அடிச்சது நீங்கதானே."

ஆமா. நான்தான். வேற யாரு அடிச்சா? நான்தாம்மா — இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் வைத்துவிட்டாள்.

2.10.2024

ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். தகவல் சம்பந்தியம்மாவிடமிருந்துதான் வந்தது.

3.10.2024, ஜெயங்கொண்டம்

நானும் உண்ணாமலையும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சம்பந்தியம்மா ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து வைத்திருந்தார். தாய்ப்பால் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சம்பந்தியம்மாவுக்கு வருத்தம். "யாரும் வைக்க வேணாம் அத்தை" என்று இலக்கியாவும் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சம்பந்தியம்மா கையில் இருந்த பிள்ளை வீறிட்டது. முகமெல்லாம் சிவந்து, இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு ஒரே கத்தல்.

"பாருங்க சம்பந்தி, ஒங்க கோவம் அப்படியே வந்திருக்கு" என்றார் அவர். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"இல்லீங்க. அவனுக்குப் பசிக்குது" என்றேன்.

இலக்கியா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

நான் வெளியே வராண்டாவில் வந்து நின்றேன். பத்து நாளாவது நம் வீட்டில் வந்து இரு என்று கேட்கத்தான் அரியலூரிலிருந்து புறப்பட்டேன். கேட்பதில்லை என்று முடிவுசெய்தேன். பயமில்லாமல் அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேயே இருக்கட்டும்.

உள்ளே அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் உண்ணாமலை எட்டிப் பார்த்தாள். "கையக் கழுவிட்டு வருவீங்களாம். இலக்கியா சொல்லுது."