முகாம் வாசலில் நீ செதுக்காத முத்திரை

ஜொன்ஜு,
7 மார்ச் 2004

அன்பு மகன் வொன்ஜேக்கு,

வீட்டில் அனைவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். ராணுவ முகாமின் மலைக்குளிரில் நீயும் அவ்வாறே இருப்பாய் என நம்புகிறேன். மற்றச் செய்திகளுக்கு முன், இந்த அரசின்மேல் எனக்குள்ள குறைகளை வரிசையாக எழுதிவிடுகிறேன். சட்டம் படித்தவன் தேதி போடாமல் கோபப்பட மாட்டான். இதை உன் அம்மா ஒரு வியாதி என்கிறாள்.

1. 20 மார்ச் 2003: ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதால் போர் என்றார்கள். நம் அரசும் ஆமாம் போட்டது.

2. 2 ஏப்ரல் 2003: பொறியாளர்களையும் மருத்துவர்களையும் அனுப்ப நாடாளுமன்றம் இசைந்தது. வட கொரியாவோடு நமக்குச் சண்டை வராதிருக்க நட்பு நாட்டை அனுசரித்துப் போக வேண்டும் என்பது அப்போதைய காரணம்.

3. 13 பிப்ரவரி 2004: மேலும் மூவாயிரம் பேரை அனுப்பத் தீர்மானம். ஆயுதம் எதுவும் அகப்படவில்லை. ஆகவே காரணம் மறுகட்டுமானம் ஆயிற்று.

4. 28 பிப்ரவரி 2004: பெற்றோருக்கான விளக்கக் கூட்டம். இம்மூன்றில் எது உண்மை என்று எழுந்து கேட்டேன். மேடையிலிருந்த அதிகாரி, "மூணுமேதான் சார், டீ ஆறுது, குடிங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சோயா ஜாடியில் உப்புநீர் ஊற்றிக்கொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க தம்பி புத்தாண்டுக்கு வராததுக்கு மூணு காரணம் சொன்னாரே, அப்பவே தெரியலையா நாலாவதா ஒண்ணு இருக்குன்னு?" என்றாள். அந்த நாலாவது அச்சம் என்பது என் கருத்து. பெரிய நாட்டின் முகம் கோணினால் நாம் தனியாக நிற்போமே என்ற அச்சம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. எங்களுக்குப் பயமாக இருக்கிறது, அதனால் உங்கள் பிள்ளைகளைக் கேட்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அவர்களை மதித்திருப்பேன். அதற்குப் பதிலாக, என்னைக் கேட்காமலே என் பெயரால் ஒரு போருக்குள் நுழைந்துவிட்டு, அதற்குப் பெயர் நாட்டு நலன் என்கிறார்கள்.

இனி உன் விஷயம். ஈராக் செல்ல விருப்பம் தெரிவித்து, பெற்றோர் சம்மதத் தாளில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் என் பெயர் முத்திரையைக் கேட்டு அனுப்பியிருக்கிறாய். அதைப் பிரித்த அன்றே சலவைக்கடை நடத்தும் நண்பர் கூ வந்திருந்தார். அவர் மகனும் உன் முகாமில்தானே இருக்கிறான். "அண்ணே, என் பையன் முகாம் வாசல் கடையிலேயே என் பேர்ல முத்திரை செதுக்கி, தாள்ல குத்திக் குடுத்துட்டான். என் சொந்த முத்திரையைவிட எழுத்து அழகா இருக்கு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று, "அவனுக்கு அப்பன் நானா, அந்த மரத்துண்டா?" என்று கேட்டார். உன் அம்மாதான் அவருக்கு முளைப்பயறு சூப் ஊற்றிக் கொடுத்து, பேச்சை உன் தங்கை யூரிமின் பரீட்சைக்குத் திருப்பினாள். பாதி சூப்பை வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

அதே கடை உனக்கும் எதிரேதான் இருந்தது. ஐந்து நிமிட வேலை. எவரும் விசாரித்திருக்க மாட்டார்கள். நீயோ தாளை மடித்து உறையிலிட்டு, நான் மறுப்பேன் என்று தெரிந்தே எனக்கு அனுப்பினாய். ஒரு முழு அரசாங்கம் செய்யத் துணியாததை இருபத்திரண்டு வயதில் நீ செய்திருக்கிறாய். என் பெயரைப் பயன்படுத்துமுன் என்னைக் கேட்டிருக்கிறாய். வொன்ஜே, உன்னைப் பாராட்டி நான் அதிகம் பேசியதில்லை. இன்று பேசுகிறேன். மூன்று இரவுகளாக இந்தப் பெருமையும் உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயமும் ஒன்றையொன்று விடாமல் என்னை உட்கார வைத்திருக்கின்றன.

தாள் மேசைமேல் இருக்கிறது. "குத்துங்க, இல்லன்னா கிழிங்க. அதென்ன, அடைகாக்கறீங்களா?" என்கிறாள் உன் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. இரண்டையும் நான் செய்யவில்லை. என்னைக் கேட்டவனிடம் நானும் காரணம் கேட்க வேண்டும் அல்லவா? ஆனால் உன் கடிதத்திலும் நட்புறவு, அமைதி, நாட்டு நலன் என்று மூன்று காரணங்கள் இருந்தன. அவை மேடையில் கேட்டவை, உன்னுடையவை அல்ல.

காலுறையை ஈரத்தோடு போடாதே. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எங்கிருந்தாலும் நீ நீண்ட ஆயுளோடும் நேரான மனத்தோடும் வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

நீ போக விரும்புவதற்கான காரணத்தை, ஒன்றே ஒன்றை, உன் சொந்த வார்த்தையில் எழுதி அனுப்பு. அது எனக்குப் பிடிக்காததாக இருக்கலாம். உன்னுடையதாக இருந்தால் அன்றே முத்திரை குத்துவேன். பதில் இல்லையென்றால் தாள் வெறுமையாகவே திரும்பும். தொலைபேசியில் சொல்லாதே. மார்ச் இருபதாம் தேதிக்குள் எழுத்தில் என் கைக்கு வந்து சேர வேண்டும்.

உன் அப்பா,
ஜாங் மியோங்சு