பட்டுப்பாவாடைக்கு விழுப்பில்லை

1959 ஐப்பசி, வெள்ளிக்கிழமை, ஸ்ரீரங்கம்

மாமியார் வந்து ஐந்து நாளாகிறது. தினமும் குளித்து மடியாகத்தான் அடுப்பில் தளிகை. பெருமாளுக்கு அமுது செய்விக்கும்வரை குழந்தைகளைத் தொடக்கூடாது; அவர்களின் விழுப்புத் துணி மேலே பட்டால் மடி போய்விடும். இரண்டு வயது வரதன் அடுப்பங்கரை வாசலிலேயே நின்று அழுகிறான். அவனுக்கு மடியாவது விழுப்பாவது! எனக்கு வாரம் முழுக்க எரிச்சல்தான்.

இன்று விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வீறிட்டான். நான் கரண்டியும் கையுமாகத் தவித்தேன். ஐந்து வயது கோதை உள்ளே ஓடினாள். தன் தீபாவளிப் பட்டுப்பாவாடையை அவனுக்குக் கழுத்துவரை மாட்டி இழுத்து வந்தாள்.

“பட்டுக்கு விழுப்பு கிடையாதுன்னு பாட்டி சொன்னாளே! இப்போ தூக்கிக்கோம்மா.”

நான் மாமியாரைப் பார்த்தேன். அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சரியாத்தான் சொல்றா. குழந்தையை எடுத்துக்கோ.”

அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே சாற்றமுதைக் கொதிக்க வைத்தேன். கோதை நகரவில்லை.

“போதும்மா, அவனை இறக்கு. பாவாடை எனக்கு வேணும்.”

தம்பி பிறந்ததிலிருந்து அவளை நான் தூக்கவேயில்லை.

தளிகை முடிகிறவரை இருவரையும் மாற்றி மாற்றிச் சுமந்தேன். இடுப்பு விட்டுப்போகிறது. பாவாடையைப் பெட்டியில் வைக்கவில்லை. கோதைக்கு எட்டுகிற ஆணியில் மாட்டியிருக்கிறேன்.